கறுத்தால் அது போலி வெள்ளியா?

"அசல் வெள்ளி கறுக்காது, கைவேலைப் பாத்திரம் கறுத்தால் கலப்படம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. காற்றிலும் முட்டை போன்ற உணவிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் சுத்த வெள்ளியும் கறுக்கும்; மேலே படிவது வெள்ளி சல்ஃபைடு. 925 முத்திரை என்றால் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இது ஏமாற்று வேலை அல்ல. சுத்த வெள்ளியில் செய்த கரண்டி எளிதில் வளைந்துவிடும்; உறுதிக்காகத்தான் செம்பு சேர்க்கிறார்கள்.

1904இல் கோபன்ஹேகனில் பட்டறை தொடங்கிய டென்மார்க் வெள்ளிக் கலைஞர் ஜார்ஜ் ஜென்சன், பூவேலையின் ஆழம் தெரிவதற்காகவே பள்ளங்களில் கருமையை விட்டுவைத்தார். சுத்தியல் தடங்களையும் முழுக்க அழிக்கவில்லை. அப்படிப்பட்ட பாத்திரத்தை ரசாயனத்தில் முக்கியெடுத்தால் வேலைப்பாடே தட்டையாகிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள். மேடான பகுதிகளை மட்டும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.