மாவடு ஜாடியும் சவ்வூடு பரவலும்

பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் தொடங்கும்போது, எந்தெந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்றுதான் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். தமிழ்வழியில் படிப்பவருக்கு வாய்த்த பெரிய வசதி, கலைச்சொற்களில் பல அவர் வீட்டிலும் வயலிலும் புழங்கும் சொற்களால் ஆனவை என்பதே. அந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டாமலேயே ஒப்பிக்க வைக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

சவ்வூடு பரவலுக்கான வரையறையை ஒரு மாணவி எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அதிலுள்ள ‘ஊடு’ என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டதும் அமைதியாகிவிட்டாள். அவள் வீட்டில் நிலக்கடலைக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த ஊடுதான் இது என்றேன். “அப்படியென்றால் சவ்வுக்கு நடுவே புகுந்து போவதா, ஐயா?” என்று அவளே கேட்டாள். புகுந்து போவது எது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு மாவடு ஜாடியை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். கல் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்த வடு, நாம் ஒரு சொட்டு நீரும் ஊற்றாமலேயே இரண்டு மூன்று நாளில் தான் விட்ட நீரில் ஊறிக் கிடக்கும். வழவழப்பாக இருந்த தோல் சுருங்கிவிடும். கரைபொருள் குறைவாக உள்ள காயின் உட்புறத்திலிருந்து, உப்பு மிகுந்த வெளிப்புறத்துக்குச் சவ்வின் வழியே வந்த நீர் அது. இதைப் புரிந்துகொண்டவருக்கு, நகர்வது எது, எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதில் தேர்விலும் குழப்பம் வராது.

எல்லாச் சொற்களும் இவ்வளவு நேர்மையாக வழிகாட்டுவதில்லை. முதல் பாடவேளையில் வேதியியல் ஆசிரியர் அணுவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறார். அடுத்த பாடவேளையில் நான் உயிரணு, விந்தணு, மரபணு என்கிறேன். மிகச் சிறியது என்ற பழைய பொருளில்தான் இச்சொற்களில் அணு நிற்கிறது என்பதை யாரும் சொல்லித் தராவிட்டால், மரபணுவும் ஒருவகை அணுதான் என்று மாணவர் எண்ணுவது இயல்பே. டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகள் ஆயிரம் மட்டுமே கொண்ட ஒரு சிறு மரபணுவில்கூட அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் இருக்கின்றன. சொல்லை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது வழிதவறச் செய்யும் இடத்தை முதல் நாளிலேயே ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டும் என்கிறேன்.

சுவாசம் இன்னொரு சிக்கல். வீட்டில் அது மூச்சு விடுவது. பாடத்தில் அது செல்லுக்குள் குளுக்கோசைச் சிதைத்து ஆற்றல் பெறும் வேதிநிகழ்வு. இந்த வேறுபாடு பதியாததால்தான், தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கையும் இரவில் மட்டும் சுவாசமும் செய்கின்றன என்று நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். தாவரம் இரவு பகல் பாராமல் சுவாசிக்கிறது.

இலங்கைத் தமிழ் மாணவர்கள் செல்லைக் கலம் என்றும், திசுவை இழையம் என்றும், ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்றும், பரிணாமத்தைக் கூர்ப்பு என்றும் படிக்கிறார்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டவை இறந்த செல்களின் வெற்றுச் சுவர்கள். அவை சிறு அறைகள்போல் தெரிந்ததால், சிறு அறை என்று பொருள்படும் ‘செல்’ என்ற பெயரை அவர் இட்டார். உள்ளே பொருளை ஏந்தி நிற்கும் உயிருள்ள ஒன்றுக்குக் கலம் என்பதே பொருத்தமான பெயராக எனக்குப் படுகிறது. ஆனால் தமனியை அவர்கள் நாடி என்பது, நாடி பிடித்துப் பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைக்குக் குழப்பம் தரும். இரு சொற்களையும் அருகருகே அச்சிட்டால், கடலின் இரு கரைகளிலும் வெளியாகும் தமிழ் அறிவியல் நூல்கள் எல்லா மாணவர்களுக்கும் பயன்படும்.

இது வெறும் மொழிப்பற்று அல்ல. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டு, 196 மதிப்பெண்கள் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. பின்னர் அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழில் எழுதிய பிள்ளைகளுக்கு இறுதியில் ஒரு மதிப்பெண்கூட வந்து சேரவில்லை.

இந்த ஆண்டு முதல் என் மாணவர்களின் கலைச்சொல் ஏட்டில் நான்கு பத்திகள் போடச் சொல்லியிருக்கிறேன். முதலில் தமிழ்ச் சொல், அடுத்து அதைப் பிரித்த வடிவம், பிறகு உலக வழக்கிலுள்ள சொல், கடைசியாக அந்தச் சொல்லைத் தாங்கள் கண்ணால் கண்ட இடம். நான்காம் பத்தி நிரம்பாத சொல்லுக்கு நான் கையெழுத்திடுவதில்லை. நொதி (என்சைம்) என்ற சொல்லுக்கு நேராக ஒரு மாணவன், இரவு அரைத்து வைத்த இட்லி மாவு விடியற்காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்ததை எழுதியிருந்தான்.