திட்டினால்தான் துணிச்சலா?

பொருளாதார பாட்காஸ்ட் கேட்கிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த நொடி வந்து விழுவது ஒரே குற்றச்சாட்டுதான்: "அவங்க அரசியல்வாதிகளை ரொம்ப மரியாதையா பேசுவாங்க, முதுகெலும்பே கிடையாது." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு தலைவரை முட்டாள், திருடன் என்று கத்தினால் அது துணிச்சலாம், நிதானமான குரலில் "நீங்கள் சொல்லும் கணக்கு இந்த இடத்தில் உதைக்கிறதே" என்று கேட்டால் அது ஜால்ராவாம். எந்த ஊர் நியாயம் இது?

டிவி விவாதத்தைப் பாருங்கள். ஆறு பெட்டிக்குள் ஆறு முகங்கள், நெறியாளர் "பதில் சொல்லுங்க, பதில் சொல்லுங்க" என்று கத்துகிறார், எதிரில் இருப்பவர் வாயைத் திறந்ததும் விளம்பர இடைவேளை. ஒரு மணி நேரம் முடிந்த பிறகு அந்த வரி எவ்வளவு, அதை யார் கட்டப்போகிறார்கள் என்று ஒருவருக்காவது தெரியுமா? இந்தக் கூச்சலில் அரசியல்வாதிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வசவு வாங்குவது அவருக்குப் பழக்கம்தான், கேள்வி வந்தால்தான் சிக்கல்.

கேலியும் அதே வேலையைத்தான் செய்கிறது. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனில் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் நிதியமைச்சர் குவாசி குவார்டெங் சுமார் 4,500 கோடி பவுண்டுக்கு வரிக்குறைப்பு அறிவித்தார், அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை, அரசின் கணக்கைச் சுயேச்சையாகச் சோதிக்கும் அமைப்பின் மதிப்பீட்டையும் உடன் வெளியிடவில்லை. அரசு கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களின் விலை சரிந்தது. அந்தப் பத்திரங்களை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்த ஓய்வூதிய நிதிகளிடம் கூடுதல் பிணை கேட்டார்கள், அதைக் கட்ட அவை பத்திரங்களையே விற்றன, விற்க விற்க விலை இன்னும் இறங்கியது. 28ஆம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்தே களத்தில் இறங்கிப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கடன் திட்டங்கள் நூற்றுக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. இத்தனைக்கும் நடுவில் உலகமே பார்த்தது எதை? ஒரு லெட்டூஸ் கீரையை! டிரஸ் பதவி முதலில் போகுமா, லெட்டூஸ் முதலில் அழுகுமா என்று ஒரு பத்திரிகை கேமராவை வைத்து நேரலை ஓட்டியது. இன்று டிரஸ் என்றால் எல்லாருக்கும் லெட்டூஸ் ஞாபகம் வருகிறது, ஓய்வூதிய நிதிகள் எப்படி அந்த நிலைக்கு வந்தன என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொன்னது பாட்காஸ்ட்தான், ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல்.

2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் பெரிய அட்டையைத் தூக்கிக் காட்டி இறக்குமதி வரிகளை அறிவித்தபோதும் இதே கதை. மனிதர்களே வசிக்காத ஹெர்ட், மெக்டொனால்ட் தீவுகளுக்கு 10 சதவீத வரி என்றதும் எங்கே பார்த்தாலும் பென்குயின் மீம். சரி, சிரித்தாச்சு, அப்புறம்? அந்த அட்டையில் "அமெரிக்கா மீது மற்ற நாடுகள் போடும் வரி" என்று இருந்த எண்கள் வரியே அல்ல என்பதுதான் விஷயம். வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு அந்த நாட்டுடன் வர்த்தகப் பற்றாக்குறை, அதாவது ஏற்றுமதியைவிட இறக்குமதி எவ்வளவு அதிகம் என்பது, சுமார் 12,350 கோடி டாலர், அங்கிருந்து வந்த இறக்குமதி சுமார் 13,660 கோடி டாலர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 90 சதவீதம். அட்டையில் வியட்நாம் போடும் "வரி" என்று இருந்தது அதே 90! அதில் பாதியைக் கொஞ்சம் மேலே தள்ளி 46 சதவீதம் என்று அறிவித்துவிட்டார்கள். அரசு வெளியிட்ட சூத்திரத்தில் இரண்டு கிரேக்க எழுத்துகள் கூடுதலாக இருந்தன, ஒன்றின் மதிப்பு 4, இன்னொன்று 0.25, பெருக்கினால் 1, அதாவது அவை இருந்தும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. இதை அமைதியான குரலில் ஒருவர் விளக்கிக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் ஆயிரம் மீம் பார்த்தும் வந்ததில்லை. இதையா மென்மை என்கிறீர்கள்?

அதே அளவுகோலைப் பாட்காஸ்ட்காரர்கள் பைடனுக்கும் வைத்தார்கள். 2021 மார்ச்சில் 1.9 லட்சம் கோடி டாலர் கொரோனா நிவாரணச் சட்டம், 2022 ஜூனில் 9.1 சதவீதப் பணவீக்கம். முழுப் பழியும் பைடன் மேல் என்று ஒரு கூட்டம், முழுக்கப் புதின்தான் என்று இன்னொரு கூட்டம். அந்தச் செலவுக்கும் இதில் பங்கு உண்டு, அறுந்த விநியோகச் சங்கிலிக்கும் உக்ரைன் போருக்கும் பங்கு உண்டு, யூரோ நாடுகளிலும் அதே ஆண்டு பணவீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டியதே என்று சொன்னவர்களை இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்தது.

ஆனால் இந்த நிதானக் குரல் என்னையும் கொதிக்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. பெயரை விழுங்கும்போது. துருக்கியைப் பற்றிப் பேசும்போது "வழக்கத்துக்கு மாறான நாணயக் கொள்கை பின்பற்றப்பட்டது" என்பார்கள். யாரால் பின்பற்றப்பட்டது? 2021 மார்ச்சில் மத்திய வங்கித் தலைவர் நாஜி ஆபால் விலைவாசியை அடக்க வட்டியை 19 சதவீதமாக உயர்த்தினார், இரண்டே நாளில் அதிபர் எர்டோகன் அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். ஆண்டு முடிவதற்குள் வட்டி 14 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. 2022 அக்டோபரில் பணவீக்கம் அரசுக் கணக்குப்படியே 85 சதவீதம். சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் தலையில் இடி விழுந்திருக்கிறது, அதற்குக் கையெழுத்துப் போட்டவர் ஒரு ஆள், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. "கொள்கை வகுப்பாளர்கள்", "சந்தையின் கவலை" என்று மூடி மறைக்காதீர்கள். ஒரு வசவும் வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம், எர்டோகன் நீக்கினார், எர்டோகன் வட்டியைக் குறைக்க வைத்தார் என்று எழுவாயோடு சொல்லுங்கள்.