கென்டக்கியின் நடுநிலை யாருக்காக?

1861-இல் அடிமை முறையை விடாத தென்மாநிலங்கள் பிரிந்து, அமெரிக்கா வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்தபோது எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்ற கென்டக்கி மாநிலத்தை விவேகத்தின் உச்சம் என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நடுநிலை நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை. தாங்கிய வரையிலும் அது கட்டிக்காத்தது அமைதியை மட்டுமல்ல.

கென்டக்கிக்காரர்களின் சங்கடம் உண்மையானது, அதை மறுக்கவில்லை. வடக்கே ஓஹையோ ஆறு, அதைத் தாண்டினால் அடிமை முறை இல்லாத மாநிலங்கள். தெற்கே அடிமை முறையுள்ள டென்னசி. வடக்கின் ஜனாதிபதி லிங்கன் பிறந்தது கென்டக்கியில். தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் பிறந்ததும் அங்கேதான். போரைத் தவிர்க்கக் கடைசிவரை சமரசம் பேசிய கென்டக்கி அரசியல்வாதி ஜான் கிரிட்டெண்டனின் ஒரு மகன் வடக்குப் படையில் ஜெனரலானார், இன்னொரு மகன் தெற்குப் படையில். லிங்கன் 75,000 வீரர்களைக் கேட்டபோது ஆளுநர் பெரியா மகாஃபின் ஓர் ஆளைக்கூடத் தர மறுத்தார். தெற்கு கேட்டபோதும் கையை விரித்தார். மே 20-ஆம் தேதி நடுநிலை அறிவிப்பு வந்தது.

அறிவிப்பின் மை காய்வதற்குள் உள்ளே இரண்டு படைகள் வளர்ந்தன. ஸ்டேட் கார்டு தெற்கின் பக்கம் சாய்ந்தது. அதற்குப் போட்டியாக எழுந்த ஹோம் கார்டுக்கு லிங்கன் 5,000 துப்பாக்கிகளைச் சத்தமில்லாமல் அனுப்பினார். தெற்கின் ஆள்சேர்ப்பு முகாம் எல்லையைத் தாண்டி டென்னசியில் நடந்தது. லூயிவில்லிலிருந்து நாஷ்வில் போகும் ரயிலில் உணவுப் பொருட்கள் தெற்கே போய்க்கொண்டே இருந்தன. இரு தரப்புக்கும் சரக்கு விற்கிற வணிகருக்கு நடுநிலை கசக்குமா என்ன?

லிங்கன் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது: ஆகஸ்ட் தேர்தலில் ஒன்றியத்தை, அதாவது வடக்கை, ஆதரித்தவர்கள் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் அள்ளிக்கொண்டார்கள். அவசரப்பட்டவர் தெற்கின் ஜெனரல் லியோனிடஸ் போல்க். (போருக்கு முன் அவர் பிஷப், பொறுமை அவர் உபதேசத்தோடு நின்றுவிட்டது போலும்.) செப்டம்பர் 3-ஆம் தேதி அவருடைய படை எல்லைக்குள் நுழைந்து மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள கொலம்பஸ் ஊரைப் பிடிக்கப் புறப்பட்டது. மூன்றே நாளில் வடக்கின் ஜெனரல் கிராண்ட் கென்டக்கியின் பதூகா ஊரைக் கைப்பற்றினார். நுழைந்தவர்கள் இரு தரப்பினர். சட்டமன்றம் வெளியேறச் சொன்னது தெற்கை மட்டும். அதைத் தடுக்க மகாஃபின் போட்ட வீட்டோவையும் தூக்கி எறிந்தார்கள். நடுநிலையின் கதை அத்தோடு முடிந்தது.

கென்டக்கியைக் கைக்குள் வைத்திருக்க லிங்கன் கொடுத்த விலையைத்தான் புகழ்பவர்கள் சொல்வதில்லை. மிசௌரியில் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று வடக்கின் ஜெனரல் ஃப்ரிமான்ட் உத்தரவிட்டபோது, கென்டக்கி கைநழுவிவிடும் என்று அஞ்சி லிங்கன் அதை மாற்றவைத்தார். கென்டக்கியை இழந்தால் ஏறக்குறைய ஆட்டத்தையே இழந்ததுபோல என்று அந்த மாதம் ஒரு நண்பருக்கு எழுதினார். அப்போது கென்டக்கியில் அடிமைகளாக இருந்தவர்கள் 2,25,000-க்கும் மேல். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். வடக்கா, தெற்கா, இரண்டும் வேண்டாமா என்று அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. 1863-இன் விடுதலைப் பிரகடனமும் அவர்களைத் தொடவில்லை. கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே அது செல்லும். கென்டக்கி ஒன்றியத்துக்குள் இருந்தது.

அந்த அடிமைகள் தங்கள் பக்கத்தைத் தாங்களே முடிவு செய்தார்கள். 1864-இல் ராணுவத்தின் கதவு அவர்களுக்குத் திறந்ததும் ஆயிரக்கணக்கில் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிவதற்குள் 23,000-ஐத் தாண்டிவிட்டார்கள். சேர்ந்தவருக்கு விடுதலை உண்டு, மனைவி மக்களுக்குக் கிடையாது. ஜோசப் மில்லர் என்பவர் கென்டக்கியிலுள்ள கேம்ப் நெல்சன் ராணுவ முகாமில் சேர்ந்தபோது, இனி உன் குடும்பத்துக்குச் சோறு போட மாட்டேன் என்று எஜமானர் சொல்லிவிட்டதால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். நவம்பரில், உறைய வைக்கும் குளிரில், முகாமிலிருந்த குடும்பங்களை ராணுவமே வண்டிகளில் ஏற்றி வெளியேற்றியது, குடிசைகளை அழித்தது. மில்லரின் மகனுக்கு உடல் நலமில்லை. ஏறாவிட்டால் சுடுவேன் என்றான் காவலன். அன்றிரவு மில்லர் மைல்கணக்கில் நடந்து நிக்கலஸ்வில்லில் குடும்பத்தைக் கண்டுபிடித்தபோது பிள்ளை இறந்துவிட்டிருந்தான். இரவே முகாமுக்குத் திரும்பி, காலையில் மறுபடி நடந்துபோய், தன் கையால் குழி வெட்டிப் புதைத்தார். இதைச் சத்தியப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறார். வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 400 பேர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த விவகாரம் வெளியே நாறியதும், 1865 மார்ச்சில் வீரர்களின் மனைவி மக்களுக்கும் விடுதலை தரும் சட்டம் வந்தது.

நடுநிலையின் அழகு பற்றிப் பேசும்போது மில்லரைப் பற்றியும் இரண்டு வரி எழுதினால் குறைந்துவிடாது. அடிமை முறையை ஒழிக்கும், அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தத்தை கென்டக்கி சட்டமன்றம் 1865 பிப்ரவரியில் நிராகரித்தது. மற்ற மாநிலங்களின் ஒப்புதலால் டிசம்பரில் அது சட்டமாகி, கென்டக்கியிலும் விலங்கு கழன்றது. அந்த மாநிலம் சம்பிரதாயத்துக்காக ஒப்புதல் தந்தது 1976-இல்.