அறுநூறு ரூபாய் சோம்பேறிகளும் லட்சம் கோடி உழைப்பாளிகளும்

அரசு உதவிப் பணம் வாங்கும் ஏழைகளைச் சோம்பேறிகள் என்று எங்கள் மதுரை மாவட்டத்து மேடையில் ஒரு கட்சிக்காரர் பேசிய அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்று ராத்திரியிலிருந்து எல்லா குரூப்பிலும் அதுதான் ஓடுகிறது. "மாசாமாசம் கையை நீட்டிப் பழகின சனம் எப்படிய்யா உழைக்கும்?" என்று அவர் கேட்கிறார், கீழே கைதட்டல். 2009 இடைத்தேர்தலில் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் திருமங்கலம் ஃபார்முலா என்று ஒன்றை நாட்டுக்கே கொடுத்த மாவட்டத்தில் நின்றுகொண்டு ஒரு கட்சிக்காரர் இதைப் பேச நல்ல நெஞ்சழுத்தம் வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். அரசாங்கப் பணம் வாங்கினால் ஏழை சோம்பேறி ஆகிவிடுவான் என்றால், கம்பெனி முதலாளி மட்டும் ஏன் ஆகமாட்டேன் என்கிறார்?

2019 செப்டம்பரில் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அறிவித்த நிதியமைச்சர் இதே மதுரையில் பிறந்தவர். இதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று அரசாங்கமே சொன்னது. மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்களே தவிர, இத்தனை பேருக்கு வேலை கொடுத்தால்தான் உண்டு என்று சொல்லவில்லை. அப்புறம் வோடபோன் ஐடியா. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியில் 2023-ல் 16,133 கோடி, 2025-ல் 36,950 கோடி பணமாக வராமல் அரசுக்கு அந்தக் கம்பெனியின் பங்காக மாறியது. என் வீட்டுக் கரண்ட் பில்லுக்கு வீட்டில் பங்கு தருகிறேன் என்று சொல்லிப் பார்க்கிறேன், ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

இப்போது அறுநூறு ரூபாய்க் கதைக்கு வருகிறேன். என் அக்கா மகன் பி.காம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகுதான் வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள், அதாவது மாதம் ஆறாயிரத்துக்குள் இருக்க வேண்டும். பட்டதாரிக்கு மாதம் 600, அதுவும் மூன்று வருஷம்தான். நாளைக்கு இருபது ரூபாய் வருகிறது, எங்கள் தெருமுனைக் கடையில் டீயும் வடையும் சேர்த்துச் சாப்பிட அது பத்தாது. இதற்கு, வருஷாவருஷம் எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று தன் கைப்பட உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். காலையில் நத்தம் ரோடு நூலகத்தில் குரூப் ஃபோருக்குப் படிக்கிறான், நைட் ஷிப்டுக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் கேட்காத கம்பெனி இல்லை. மேடையில் பேசியவர் கணக்கில் இவன்தான் சோம்பேறி.

"கம்பெனி பிழைத்தால்தானே வேலை?" என்று வருவீர்கள். சரி, யெஸ் பேங்க் 2020-ல் தடுமாறியபோது காப்பாற்றியதை நான் குறை சொல்லவில்லை, பணம் போட்டிருந்தவர்கள் சாதாரண ஆட்கள். "வங்கிகள் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும், பொருளாதாரம் தெரியாமல் பேசாதே" என்று ஒரு தம்பி நிச்சயம் எழுதுவார். தெரியும் தம்பி. 2014-15 தொடங்கி ஒன்பது வருஷத்தில் வங்கிகள் நீக்கியது 14.56 லட்சம் கோடி, அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில் நிறுவனங்களுடையது. அதே காலத்தில் நீக்கிய கடன்களில் திரும்பி வந்தது இரண்டு லட்சம் கோடிச் சொச்சம். இதெல்லாம் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. நம் வீட்டு நகையை ஏலத்தில் விடும்போது மட்டும் ஏன் இந்தப் பொறுமை யாருக்கும் வருவதில்லை?

"நீ அந்தக் கட்சி ஆள்." எந்தக் கட்சி? 2022 ஜூலையில் இலவசங்களை 'ரேவடி', அதாவது எள்ளு மிட்டாய், என்று பிரதமர் கிண்டல் செய்தார். அடுத்த வருஷமே மத்தியப் பிரதேசத்தில் அவர் கட்சி அரசு பெண்களுக்கு மாதம் ஆயிரம் கொடுத்தது, 2024-ல் மகாராஷ்டிரத்தில் அவர் கட்சி இருந்த கூட்டணி அரசு ஆயிரத்து ஐநூறு. இங்கே 2022-ல் ஒரு அமைச்சர், தங்கள் அரசே விட்ட இலவச பஸ்ஸில் போகும் பெண்களைப் பார்த்து 'ஓசி' என்றார். ஓட்டுக் கேட்கும்போது தாயே, ஓட்டுப் போட்ட பிறகு ஓசி. எல்லாக் கட்சியும் இதில் ஒன்றுதான், என்னை எந்தக் கொடியிலும் சுற்ற வேண்டாம்.

அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பேச்சு மேடையோடு நிற்பதில்லை, வீட்டுக்குள் வருகிறது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் மில்லில் பஞ்சைச் சுவாசித்தவர். மில்லை மூடினார்கள், செட்டில்மென்ட் தவணை தவணையாக வந்தது, பாதி இன்னும் வரவே இல்லை. அந்தச் சமயத்தில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து, அவர் காதுபட, "உடம்பு வணங்கலேன்னா சாப்பாடு மட்டும் எப்படிய்யா இறங்குது" என்றார் எங்கள் சொந்தக்காரர் ஒருவர். மாமா இலையை மூடிவிட்டு எழுந்தார். சொன்னவர், பேங்க் கடனில் பெரிய தொகையைக் குறைத்து ஒரே தடவையில் செட்டில் பண்ணிய சாமர்த்தியத்தை அதே பந்தியில் பத்து நிமிஷம் முன்னால்தான் விளக்கிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா, நீங்கள் இதைப் படிப்பீர்கள், எனக்குத் தெரியும். நேற்று அந்த வீடியோவை குடும்ப குரூப்பில் முதலில் போட்டதும் நீங்கள்தான். அன்றைக்கு மாமாவைச் சொன்னதை, கடனைக் குறைத்துக் கொடுத்த மேனேஜர் உங்களைப் பார்த்துச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பீர்களா? எனக்கு போன் பண்ண வேண்டாம். எல்லாரும் பார்க்க இங்கேயே எழுதுங்கள்.