எலும்பால் அடிப்பது மட்டும்தான் படமா?

தென்கொரிய இயக்குநர் நா ஹோங்-ஜின் 2010இல் எடுத்த ‘தி யெல்லோ சீ’ படம் பற்றிப் பேச்செடுத்தாலே, தாதாவாக வரும் கிம் யூன்-சோக் பெரிய எலும்பைத் தூக்கி அடிக்கும் காட்சித் துண்டைத்தான் அனுப்புகிறார்கள். எரிச்சலாக வருகிறது. கத்தியும் கோடரியும் எனக்கும் வயிற்றைக் கலக்கின, சரி. ஆனால் இது சீன நகரமான யான்ஜியில் டாக்சி ஓட்டும் கு-நாமின் கதை. சீனாவில் வாழும் கொரிய வம்சாவளிக்காரன். மனைவியைத் தென்கொரியாவுக்கு அனுப்ப வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. போனவளிடமிருந்து தகவலே இல்லை. சியோலில் ஒருவனைக் கொன்றுவிட்டு வா, கடன் தீர்ந்தது என்கிறான் தாதா. அந்தப் பேரத்தைவிடக் கொடூரமான வெட்டு படத்தில் எதுவும் இல்லை. குளிரில் நடுங்கியபடி அவன் மனைவியைத் தேடி அலைகிறானே, ஹா ஜங்-வூ என்னமாய் நடித்திருக்கிறார்! அதை மட்டும் ஓட்டிவிட்டுச் சண்டைக்குத் தாவுகிறார்கள். அப்புறம் ‘செம படம்’ என்கிறார்கள். எந்தப் படத்தைப் பார்த்தார்கள்?