கோடு போட்டுக் குடுத்தாலும் வெட்டத் தெரியாதா?

வேன்ல ஜன்னல் வைக்கறது என்ன கம்பசூத்திரமா? இங்க பக்கத்துல கரூர்ல பஸ் பாடி கட்டறவங்க நாள் முழுக்க இதைத்தான் பண்றாங்க. நம்ம டிங்கரிங் பட்டறைக்காரருக்கு மட்டும் என்ன கேடு?

வண்டி ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேன். பக்கவாட்டுல கண்ணாடியே கிடையாது, முழுக்கத் தகடு. இதை கேம்பரா, அதாவது உள்ளயே படுத்துத் தூங்கற பயண வண்டியா மாத்தணும்னா, வண்டியோட அமைப்பை மாத்தறது பத்தின மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, 2019ல வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புன்னு ஆர்டிஓ ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி. அந்த அலைச்சல் தனிக்கதை. அங்க கூட எனக்கு இவ்வளவு ரத்தக்கொதிப்பு ஏறலை.

அட்டையில அச்சு வெட்டி, உள்ள தகட்டைத் தாங்கற ரிப் எங்க ஓடுதுன்னு பாத்து, மார்க்கர்ல கோடே போட்டுக் குடுத்தேன். மூலைக்கு மூலை முதல்ல டிரில் அடிச்சுட்டு, பொடிப்பல் பிளேடு போட்டு ஜிக்சா ரம்பத்துல வெட்டுங்கண்ணான்னேன். "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க, நாங்க பாத்துக்கறோம்"னார். வந்து பாத்தா கிரைண்டர்ல கட்டிங் வீல் கத்திக்கிட்டு இருக்கு! பொறி பறந்து சுத்துப்பட்டு பெயிண்ட் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி. மூலையை வளைவா விடாம கூரா வெட்டி, கோட்டையும் தாண்டி ஒரு விரக்கடை கீறியாச்சு. ஓடற வண்டியில தகடு அதிர அதிர, அந்தக் கீறல்ல இருந்துதான் விரிசல் கிளம்பும். காலமெல்லாம் தகடு வெட்டற மனுசனுக்கு இதை நான் சொல்லணுமா?

சரி, வெட்டின ஓரத்துக்கு ஜிங்க் பிரைமராவது அடிச்சாரா? "அதான் ரப்பர் பீடிங் மூடிக்குமே, யாருங்க பாக்கப் போறா?" துரு என்ன ஆள் பாத்தா வருது? வெட்டினப்ப கொட்டின இரும்புத்தூள் வேற உள் பள்ளத்துல குமிஞ்சு கிடந்துச்சு. காந்தத்தை வச்சு நானே பொறுக்கினேன். கூலி மட்டும் அவருக்கு.

அடுத்து சிலிகான். நம்மூர்ல எந்த ஓட்டைக்கும் அதானே சர்வரோக நிவாரணி! வாஷ்பேசினுக்குப் போடற அதே ட்யூப். பிதுக்கும்போதே வினிகர் நெடி. அது அசிட்டிக் அமிலம்யா, பெயிண்ட் இல்லாத வெறும் தகட்டுல பட்டா அரிச்சுடும். கார் முன்கண்ணாடி ஒட்டறவங்க வைக்கற பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டை நான் காசு போட்டு வாங்கிக் கையிலயே குடுத்திருந்தேன். அது மூடி திறக்காம அலமாரியில இருக்கு. கேட்டா, "அது காய நேரமாகுங்க." இப்ப பியூ போடணும்னா சிலிகானை ஒரு பொட்டு விடாம சுரண்டணும். அது மேல பெயிண்ட்டே நிக்காது, பசை எங்க ஒட்டப்போகுது?

போதாக்குறைக்கு வண்டிப் பக்கம் லேசா வளைவு, ஜன்னல் ஃபிரேம் நேர். உள்ள மரச்சட்டம் குடுத்துச் சமன் பண்ணிட்டு மாட்டணும். இவங்க இடைவெளி மறையற வரைக்கும் ஸ்க்ரூவை முறுக்கு முறுக்குன்னு முறுக்கியிருக்காங்க. ஃபிரேம் வளைஞ்சு, ஸ்லைடிங் கண்ணாடி பாதியில சிக்கிக்கிட்டு நிக்குது. முதல் மழைக்கே மெத்தை போடற பலகை வரைக்கும் தண்ணி.

எதிர்ப்பக்கம் பெரிய ஜன்னல். ஓட்டை வெட்டி முடிச்சு, அளவெடுத்து, அப்புறம் கண்ணாடிக்குச் சொல்லுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கலையே! முன்னாடியே ஆர்டர் போட்டு, வந்தது அரை இஞ்ச் பெருசு. டஃபன்டு கண்ணாடி. சூட்டுல போட்டு டஃபன் பண்றதுக்கு முன்னாடிதான் வெட்டவோ தேய்க்கவோ முடியும். அதுக்கப்புறம் ஓரத்துல கை வச்சா மொத்தமும் பொலபொலன்னு உதிரும். "லேசாத் தேச்சுக்கலாம்ங்க"ன்னு கிரைண்டரை எடுத்தார். நான் "வேண்டாங்கண்ணா"ன்னு கத்தி முடிக்கல, மொத்தக் கண்ணாடியும் தரையில.

நேத்து அவரே போன் பண்ணார். புதுக் கண்ணாடிக்குப் பாதிக் காசு நான் தரணுமாம். எதுக்குங்கன்னேன்.

"உங்க வண்டிதானுங்களே?"