பெல்லேயின் பார்வை

இரண்டு நாளாக ஒரே ஓவியத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஜிரோதே 1797இல் வரைந்த ழான் பத்திஸ்த் பெல்லேயின் உருவப்படம். அசல் வெர்சாய் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது கைப்பேசித் திரைதான். அதற்கே தூக்கம் போய்விட்டது.

பெல்லே அடிமையாக இருந்தவர். இன்று ஹைட்டி என்று நாம் சொல்லும் சான் தொமாங், அன்று பிரான்சின் கரும்புத் தோட்டம். அங்கே தன் விடுதலையைத் தானே காசு கொடுத்து வாங்கி, படையில் கேப்டனாகி, பாரீஸில் கூடிய தேசிய மாநாட்டுக்கு, அதாவது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துச் சட்டமன்றத்துக்கு, உறுப்பினராகப் போனார். 1794 பிப்ரவரி 4 அன்று அடிமைமுறை ஒழிந்தது என்று அந்த அவை தீர்மானித்தபோது அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

படத்தில், இடுப்பில் மூவர்ணக் கச்சையோடு, பாதிரியார் ரெய்னாலின் பளிங்குச் சிலையில் சாய்ந்து நிற்கிறார். அடிமை வணிகத்தைச் சாடிய ரெய்னாலின் புத்தகத்தை 1781இல் பாரீஸில் எரித்தார்கள். அதனால் பலர் இந்தப் படத்தை, வெள்ளை அறிஞர் எழுதினார், கறுப்பர் விடுதலை பெற்றார் என்று வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவே இல்லை. 1791இல் சான் தொமாங்கில் தோட்டங்களுக்குத் தீ வைத்து எழுந்த அடிமைகள் புத்தகம் படித்துவிட்டா எழுந்தார்கள்? தீவில் அவர்கள் ரத்தம் சிந்தி வென்றதைத்தான் பாரீஸ் பிறகு சட்டமாக்கியது. ஜிரோதேயின் தூரிகைக்கு அது தெரிந்திருக்கிறது. ரெய்னால் வெளிறிய கல்லாக இருக்கிறார். உடம்பும் மூச்சும் பெல்லேயிடம்தான்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கண்கள். நம்மையும் பார்க்கவில்லை, ரெய்னாலையும் பார்க்கவில்லை; படத்துக்கு வெளியே எங்கோ மேலே பார்க்கின்றன. படம் வரைந்த 1797இன் நிலையே அதுதான். புரட்சியின் தீவிரத் தலைவர் ரோபஸ்பியர் தலை விழுந்து மூன்று வருடம். புரட்சியின் சூடு ஆறி, ஐவர் குழுவான டைரக்டரியின் ஆட்சி நடக்கிறது. தோட்ட முதலாளிகளுக்காகப் பேசுகிறவர்கள் அவையில் மறுபடி குரல் உயர்த்துகிறார்கள். பெல்லேயின் பதவிக்காலமும் முடிகிறது. 1798 கண்காட்சியில் இந்தப் படத்துக்கு வைத்த பெயரிலேயே அவர் 'முன்னாள்' பிரதிநிதி. உடுப்பு அப்படியே இருக்கிறது, அதிகாரம் போய்விட்டது. சட்டத்தில் விடுதலை இருக்கிறது, அது நாளைக்கும் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாத காலம். அந்த நிம்மதியின்மையை ஒரு முகத்தில் இவ்வளவு அமைதியாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

1802இல் நெப்போலியன் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவந்தார். அதே ஆண்டு பெல்லேயும் கைதானார். 1804 ஜனவரி 1 அன்று அவருடைய தீவு ஹைட்டி என்ற பெயரில் விடுதலையை அறிவித்தபோது, அவர் பிரான்சின் பெல் தீவில் காவலில் இருந்தார். மறு வருடம் அங்கேயே இறந்துபோனார்.